மரவள்ளியைக் காக்கும் குளவி: பெயர், குடும்பம், சொந்த ஊர், பரவிய இடங்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எந்தக் குளவியைப் பற்றிய பக்கம் இது?

அனாகைரஸ் லோபெசி. மரவள்ளி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று முடிக்கிற ஒட்டுண்ணிக் குளவி. சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் இப்போது ஓரளவு பழகியிருக்கும். ஆனால் பெயரைத் தாண்டிப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு புத்தகத்தில் எபிடைனோகார்சிஸ் என்று இருக்கிறது, இன்னொன்றில் அப்போஅனாகைரஸ் என்று இருக்கிறது, ஒருவர் ஆப்பிரிக்கக் குளவி என்கிறார், இன்னொருவர் தாய்லாந்திலிருந்து வந்தது என்கிறார். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை அப்படியே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

குளவி என்றால் கொட்டுமே?

கொட்டாது. பெண் குளவியே ஒன்றரை மில்லிமீட்டரைத் தொடாது, ஆண் அதைவிடச் சின்னது. கடுகின் மேல் உட்கார்ந்தால் கடுகுதான் பெரிதாகத் தெரியும். அதன் கொடுக்கு மாவுப்பூச்சியைத் துளைத்து முட்டை வைப்பதற்கு மட்டும்தான். மனிதர், ஆடு, மாடு, தேனீ எதற்கும் இதனால் தொந்தரவு இல்லை.

ஒட்டுண்ணி என்கிறீர்கள். பேன், உண்ணி மாதிரியா?

பேன் உங்கள் ரத்தத்தைக் குடிக்கும், ஆனால் உங்களைக் கொல்லாது. கொன்றால் அதற்குத்தான் சாப்பாடு போச்சு. இந்தக் குளவியின் கணக்கு வேறு. புழுவாக இருக்கும்வரைதான் அது ஒட்டுண்ணி, வளர்ந்து முடியும்போது தான் குடியிருந்த பூச்சியைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். ஒரு மாவுப்பூச்சிக்கு ஒரு குளவி. இறக்கை முளைத்த பிறகு பறந்து திரியும் சுதந்திரப் பூச்சி.

எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது?

எறும்பு, தேனீ, குளவி எல்லாம் அடங்கிய ஹைமனாப்டெரா வரிசை. அதற்குள் கால்சிடாய்டியா என்ற பெருங்குடும்பம், அதற்குள் என்சிர்டிடே குடும்பம். என்சிர்டிடேயில் மட்டும் 4,500-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலானவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மாவுப்பூச்சி, செதில்பூச்சிகளை அடக்குவதில் இந்தக் குடும்பத்தை விட்டால் ஆள் கிடையாது.

ஒரு என்சிர்டிடைக் கண்டுபிடிக்க எளிய வழி அதன் நடு ஜோடிக் கால். அதில் ஒரு தடித்த முள் இருக்கும், அந்தக் காலைத் தாங்கும் மார்புப் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். எல்லாம் குதிக்கத்தான். கண்ணாடிக் குழாயில் பிடித்து வைத்து லேசாகத் தட்டினால், இறக்கையை விரிப்பதற்கு முன்பே சட்டென்று ஓர் எம்பு எம்பும். இறக்கையில் நரம்பு என்று சொல்லிக்கொள்ள முன்விளிம்பில் ஒரு சின்னக் கோடுதான் உண்டு.

பிறகு ஏன் மூன்று பெயர்? மூன்று குளவியா?

ஒரே குளவிதான். இதற்கு முதலில் பெயர் வைத்தவர் அர்ஜென்டினாவின் பூச்சியியலாளர் லூயிஸ் டி சாண்டிஸ். அந்த நாட்டு என்சிர்டிடுகள் முழுவதையும் தொகுத்தபோது, 1964-இல், அப்போஅனாகைரஸ் லோபெசி என்று எழுதினார். லோபெசி என்பது லோபெஸ் என்ற ஒருவரின் பெயரை ஒட்டி வைத்தது. அது அன்றிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை. மாறியதெல்லாம் முன்னால் உள்ள பேரினப் பெயர்தான், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டத்தின் பெயர்.

அனாகைரஸ், அப்போஅனாகைரஸ், எபிடைனோகார்சிஸ் மூன்றும் மிக நெருங்கிய பேரினங்களாக வைக்கப்பட்டிருந்தவை. உணர்கொம்பின் கணுக்கள் எந்த அளவில் இருக்கின்றன, அடிக்கணு எவ்வளவு தட்டையாக அகன்றிருக்கிறது என்பது போன்ற நுணுக்கங்களை வைத்துப் பிரித்தார்கள். ஆயிரக்கணக்கான மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்தக் கோடுகள் அழிந்துபோகும். ஒன்றில் இருக்கும் அடையாளம் மற்றதிலும் பாதி இருக்கும். அதனால் 1980-களின் ஆய்வுக் கட்டுரைகளில் எபிடைனோகார்சிஸ் லோபெசி, 1990-களில் மறுபடி அப்போஅனாகைரஸ் லோபெசி, அப்புறம் அனாகைரஸ் லோபெசி என்று போனது. இன்றைக்குப் புழக்கத்தில் உள்ளது கடைசிப் பெயர்.

நம் பக்கத்து அனாகைரஸ் வகைகளைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்தக் கூட்டத்தின் கீழ்த்திசை நாட்டு இனங்களை 1994-இல் முழுமையாகச் சீர்செய்தவர்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜான் நோய்ஸும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முகம்மது ஹயாத்தும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் பலனைத்தான் நாம் இன்று பயன்படுத்துகிறோம். இது நமக்குப் பெருமை, வெளியே சொல்லத்தான் ஆளில்லை.

டி சாண்டிஸ் பெயரை ஏன் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள்?

அனாகைரஸ் லோபெசி (டி சாண்டிஸ், 1964) என்று பார்த்திருப்பீர்கள். அடைப்புக்குறி இருந்தால், அவர் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு இங்கே மாற்றப்பட்டது என்று பொருள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. விலங்கியல் பெயரிடலில் இது கட்டாய விதி. அந்த இரண்டு வளைவுகளைப் பார்த்தவுடனே பழைய பெயர்களையும் தேட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஆப்பிரிக்காவில் நடந்த அடிப்படை ஆய்வுகளில் பெரும்பகுதி உங்கள் கண்ணிலேயே படாது.

பெயர் எதுவானால் என்ன, பூச்சியைத் தின்றால் சரிதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) பகுதிகளில் மரவள்ளிச் செடிகளின் கொழுந்தெல்லாம் சுருண்டு குட்டையாகிப் போனது. புதிதாக ஒரு மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவிலிருந்து நடவுக் குச்சியோடு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் மரவள்ளியின் தாய்வீடே அதுதான். சில ஆண்டுகளில் அது கண்டத்தின் குறுக்கே பரவியது, மோசமான இடங்களில் விளைச்சல் 80 சதவீதம் வரை போனது. அங்கே மரவள்ளி ஜவ்வரிசிக்கு மட்டும் போடுகிற பயிர் அல்ல, ஏறக்குறைய 20 கோடிப் பேரின் அன்றாடச் சாப்பாடு. இலையையும் கீரையாகச் சமைப்பார்கள், பூச்சி அதையும் அழித்தது.

1977-இல் பிரெஞ்சு ஆய்வாளர் டானியேல் மத்தீல்-ஃபெரெரோ அந்தப் பூச்சிக்கு ஃபீனக்காக்கஸ் மனிஹோட்டி என்று பெயர் வைத்தார். இதைக் கவனியுங்கள்: பகைவனுக்குப் பெயர் கிடைத்தது 1977, அவனை அடக்கப்போகிற குளவிக்குப் பெயர் கிடைத்தது 1964. பதின்மூன்று ஆண்டுகளாக அந்தக் குளவியின் பெயர் ஒரு பட்டியலில் கிடந்தது, அதற்கு இப்படி ஒரு வேலை வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

பூச்சியின் சொந்த ஊரில் அதன் இயற்கை எதிரியைத் தேட வேண்டும் என்று தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடினார்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது, பார்க்க அதே மாதிரி, செடியில் காட்டும் அறிகுறியும் அதே மாதிரி. அதன் ஒட்டுண்ணிகளைப் பிடித்து ஆப்பிரிக்கப் பூச்சியிடம் விட்டால் எடுபடவில்லை. நுணுக்கமாகப் பார்த்தபோதுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. ஆப்பிரிக்கப் பூச்சியில் ஆணே கிடையாது, பெண் தானாகவே பெண்களைப் பெறும். வடபகுதிப் பூச்சியில் ஆண், பெண் இரண்டும் உண்டு. 1981-இல் அதற்கு ஃபீனக்காக்கஸ் ஹெரெனி என்று தனிப் பெயர் வைத்தார்கள். உருவத்தில் ஒரு சின்னக் குழப்பம், அதனால் சில வருடத் தேடல் வேறு ஊரில் செலவாகிவிட்டது. அந்த வருடங்களில் கிழங்கு இல்லாமல் போன வீடுகளை நினைத்தால், வகைப்பாட்டியலை வெறும் லத்தீன் பெயர் விளையாட்டு என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது.

அதே 1981-இல் கொலம்பியாவில் உள்ள சியாட் என்னும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தைச் சேர்ந்த டோனி பெலாட்டி, பராகுவேயில் உண்மையான மனிஹோட்டியைக் கண்டுபிடித்தார். அதன் உள்ளே இருந்தது லோபெசி.

அப்படியானால் குளவியின் சொந்த ஊர் பராகுவேயா?

பராகுவே மட்டும் என்று சொன்னால் சுருக்கிவிடுவோம். பராகுவே ஆற்றுப்படுகையும் அதைச் சுற்றிய பகுதியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பராகுவே, பிரேசிலின் மாட்டோ குரோசோ டோ சுல் மாநிலம், பொலிவியாவின் தாழ்நிலம், அர்ஜென்டினா. அங்கெல்லாம் மாவுப்பூச்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவ்வளவு குறைவாக இருக்கும். பலவகை எதிரிகள் சேர்ந்து அதைத் தலையெடுக்க விடுவதில்லை.

ஆப்பிரிக்கக் குளவி என்று ஏன் சொல்கிறார்கள்?

புகழ் பெற்றது அங்கே என்பதால். பராகுவேயில் பிடித்த குளவிகளை முதலில் லண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்தார்கள். பிறகு நைஜீரியாவின் இபாதானில் உள்ள ஐஐடிஏ என்னும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்துக்குக் கொண்டுபோய், 1981 நவம்பரில் முதல்முறையாக வயலில் விட்டார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரென் இந்தப் பணியை நடத்தினார், மேலே சொன்ன ஹெரெனி இனத்தின் பெயரும் இவரை வைத்துத்தான். 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

விட்ட இடத்திலேயே குளவி நிற்கவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வயல்களிலும் கிடைத்தது. ஒன்றரை மில்லிமீட்டர்ப் பூச்சி சொந்த இறக்கையை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் போகாது, காற்றும் உதவுகிறது. பிறகு விமானத்திலிருந்தும் விட்டார்கள், தரையிலும் விட்டார்கள். இன்று செனகலிலிருந்து மொசாம்பிக் வரை, ஆப்பிரிக்காவில் 25-க்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைத்திருக்கிறது. யாரும் வளர்த்து வளர்த்து விட வேண்டியதில்லை.

ஆசியாவுக்கு?

2008-இல் தாய்லாந்தில் மாவுப்பூச்சி வந்தது, 2009-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் உள்ள ஐஐடிஏ மையத்திலிருந்து குளவியை வரவழைத்து, பெருக்கி, அடுத்த ஆண்டு பெரிய அளவில் விட்டார்கள். தாய்லாந்திலிருந்து அண்டை நாடுகளுக்கு வந்தது. வியட்நாமிலும், 2014 முதல் இந்தோனேசியாவிலும் இருக்கிறது.

நம் ஊருக்கு எப்போது வந்தது?

இந்தியாவில் இந்த மாவுப்பூச்சி முதலில் பதிவானது 2020-இல், கேரளாவின் திருச்சூரில். சீக்கிரமே சேலம், நாமக்கல், தருமபுரி என்று தமிழ்நாட்டின் மரவள்ளிப் பகுதி முழுக்க வந்துவிட்டது. குச்சியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய் நடுகிற பயிரில் பூச்சி பரவத் தனி வண்டி வேண்டியதில்லை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆதார அமைவனம் 2021-இல் பெனினிலிருந்து லோபெசியைத் தருவித்து, தனிமைப்படுத்திச் சோதனை முடித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் வெளியீடு நடந்தது.

அதனால் "தாய்லாந்துக் குளவி" என்பது தவறு. ஆத்தூர்ப் பக்கம் உங்கள் வயலில் பறப்பதன் வம்ச வழி பராகுவே, லண்டன், இபாதான், பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர். தாய்லாந்துக் குளவி இதற்குப் பங்காளி முறை.

வயலில் இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

குளவியைத் தேடாதீர்கள், அது வேலை முடித்த தடயத்தைத் தேடுங்கள். காலையில் வெயில் ஏறும் முன், கொத்தாகச் சுருண்ட ஒரு கொழுந்தை மெதுவாகப் பிரியுங்கள். இளஞ்சிவப்பு உடம்பின் மேல் மாவு பூசின மாதிரி உயிருள்ள பூச்சிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே மாவு உதிர்ந்து, பழுப்பு நிறத்தில், உப்பி, பீப்பாய் மாதிரி இறுகிப்போன சில இருக்கும். இவற்றை மம்மி என்கிறோம். குண்டூசித் தலையால் தொட்டால் உயிருள்ளது நசுங்கும், மம்மி தோல் காய்ந்த உளுந்து மாதிரி கெட்டியாக உருளும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் சிலவற்றின் பின்முனையில் கத்தரித்து எடுத்த மாதிரி வட்டமாக ஓர் ஓட்டை தெரியும். உள்ளிருந்து குளவி கடித்துத் திறந்துகொண்டு போன கதவு அது. முட்டை வைத்து இரண்டு, இரண்டரை வாரத்தில் இந்தக் கதவு திறந்துவிடும்.

ஓட்டை இல்லாத மம்மிகளை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, நிழலில் வையுங்கள். பெண் வந்தால் உணர்கொம்பை ஆட்டிக்கொண்டே குழாய்ச் சுவரைத் தட்டித் தட்டி நடக்கும், ஆணின் உணர்கொம்பில் நீளநீளமாக மயிர் இருக்கும்.

எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?

செய்யாது. காரணம் மிக அழகானது. பெண் குளவி மாவுப்பூச்சியை உணர்கொம்பால் தட்டி அளவு பார்க்கும். பெரிய பூச்சி என்றால் கருவுற்ற முட்டையை வைக்கும், அது பெண்ணாகும். சின்னப் பூச்சி என்றால் கருவுறாத முட்டை, அது ஆண். பெண்ணுக்கு வளர அதிகச் சாப்பாடு வேண்டும், அதனால் இந்தக் கணக்கு. சத்தில்லாத மணல் நிலத்தில், மூடாக்கும் இல்லாமல், செடி நோஞ்சானாக இருந்தால் அதில் வளரும் மாவுப்பூச்சியும் சின்னதாகவே நிற்கும். குளவி வைக்கும் முட்டையெல்லாம் ஆணாகிப் போகும், ஆண் குளவி முட்டை வைக்காதே! ஆப்பிரிக்காவில் குளவி கைவிட்ட அந்தச் சில வயல்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நிலங்கள்தான். தொழு உரமும் மூடாக்கும் போட்டால் குளவிக்கும் சேர்த்துப் போடுகிறீர்கள்.

லோபெசிக்குச் சொந்தக்காரக் குளவிகள் வேறு எதுவும் விடப்படவில்லையா?

விட்டார்கள். அனாகைரஸ் டைவர்சிகார்னிஸ் என்ற நெருங்கிய இனத்தையும் ஆப்பிரிக்காவில் விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. லோபெசி பெண் முட்டை வைக்கத் துணிகிற அதே அளவுப் பூச்சியை இது "சின்னது" என்று ஒதுக்கி ஆண் முட்டை வைக்கிறது. போட்டியில் அந்த ஒரு வித்தியாசம் போதும். ஒரே பேரினத்துக்குள் ஏன் இனத்தைச் சரியாகப் பிரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு விட்ட குளவியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது அசெரோஃபேகஸ் பப்பாயே. அதே என்சிர்டிடே குடும்பம், வேறு பேரினம், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது. குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு: பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியிலும் ஏறும். இரண்டையும் பிரிக்க, பப்பாளிப் பூச்சியின் உடம்பு மஞ்சளாக இருக்கும், சாராயத்தில் போட்டுவைத்தால் கருநீலமாக மாறிவிடும். மரவள்ளிப் பூச்சி இளஞ்சிவப்பு, கொழுந்தைக் கொத்தாகக் குட்டையாக்குவதும் அதுதான். பப்பாளிப் பூச்சி ஏறிய வயலில் லோபெசியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் ஏமாற்றம்தான்.

மம்மியிலிருந்து வருவதெல்லாம் லோபெசிதானா?

அப்படி எண்ணிக் கணக்கெழுதாதீர்கள். குளவிக்கும் ஒட்டுண்ணி உண்டு. ஆப்பிரிக்காவில் புரோகைலோனியூரஸ், சார்ட்டோசெரஸ் என்ற பேரினங்களைச் சேர்ந்த குளவிகள், மாவுப்பூச்சிக்குள் இருக்கும் லோபெசிப் புழுவையே தின்று அதே மம்மியிலிருந்து வெளியே வருகின்றன. இவை வந்தும் அங்கே லோபெசியின் வேலை கெடவில்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் பத்து மம்மியில் பத்துக் குளவி வந்தது, பத்தும் லோபெசி என்று எழுதினால் அது தப்பான பதிவு. சந்தேகமானால் மாதிரிகளைச் சாராயத்தில் போட்டு, தேதி, ஊர், செடி, மாவுப்பூச்சி நான்கையும் பென்சிலால் எழுதிய சீட்டை அதே குப்பிக்குள் போட்டு, வகைப்பாட்டியல் தெரிந்தவரிடம் கொடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும், பென்சில் நிற்கும்.

மருந்து அடிக்கலாமா?

மம்மி கண்ணில் பட்ட வயலில் அடிக்காதீர்கள். மாவுப்பூச்சிக்கு மெழுகுப் பூச்சு இருக்கிறது, சுருண்ட கொழுந்துக்குள் ஒளிந்தும் இருக்கிறது. குளவிக்கு இரண்டும் இல்லை, மருந்தில் முதலில் சாவது அதுதான்.

பக்கத்து ஊர் வயலுக்கு நானே குளவியைக் கொண்டுபோகலாமா?

மாவுப்பூச்சி ஏறிய கொழுந்தை அப்படியே ஒடித்துக்கொண்டு போகாதீர்கள், குளவிக்கு முன்னால் பூச்சிதான் போய்ச் சேரும். ஒரு பெண் பூச்சியின் பஞ்சுப் பையிலேயே நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். மம்மிகளைத் தனியே பொறுக்கி, குழாயில் வைத்து, குளவி வெளியே வந்த பிறகு குளவியை மட்டும் கொண்டுபோய், பூச்சி இருக்கும் கொழுந்தருகே காலையிலோ சாயங்காலமோ திறந்துவிடுங்கள். குழாயின் உள்சுவரில் மெல்லிசாக ஒரு கோடு தேன் தடவியிருந்தால் வழியில் பசியால் சாகாது.